செவப்புத் தரையைக் கொத்தாதீங்கய்யா!

டிஸ்கி: "இந்தப் பதிவு யார் மனதையும் புண்படுத்தும் நோக்கத்தில் எழுதப்பட்டதல்ல" என்று எல்லாரும் மேலே ஒரு வரி போடுவார்கள். நான் போடப்போவதில்லை. ரெண்டு மூணு பேர் மனசாவது புண்படணும்னுதான் எழுதறேன் :-)

மயிலாப்பூரில் ஒரு புது வியாதி பரவிக்கிட்டு இருக்கு. கச்சேரி ரோட்டிலிருந்து மந்தைவெளி வரைக்கும், இன்னும் பில்டர் கையில் சிக்காமல் நிற்கும் பழைய வீடுகளில் யாராவது ரிப்பேர் வேலை ஆரம்பிச்சா, முதல் வேலையா சுத்தியலும் உளியும் இறங்குவது தரையில்தான். அம்பது அறுபது வருஷமா வழவழன்னு கிடந்த செவப்பு சிமெண்ட் தரை. ரெட் ஆக்ஸைடு தரைன்னு சொல்வோமே, அதேதான். அதைப் புள்ளி புள்ளியா கொத்தி, மேலே நாலுக்கு ரெண்டு விட்ரிஃபைடு டைல்ஸ். கொஞ்சம் காசும் அமெரிக்காவில் ஒரு பிள்ளையும் இருந்தால் டைல்ஸ் கூட இல்லை, "ஓக் ஃபினிஷ் வுடன் ஃப்ளோரிங்".

ஓக் மரம். மயிலாப்பூரில். காலையில் வாசல் தெளிச்சு, ரேழியை அலம்பி, வெள்ளிக்கிழமைன்னா கூடத்தில் மாக்கோலம் போடற ஊரில்!

இது எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். ஏன்னா எங்க குடும்பத்திலேயே ஒண்ணு இருக்கு. என் சித்தி பிள்ளை நியூஜெர்ஸியில் இருக்கான். பேர் வேண்டாம், நியூஜெர்ஸின்னே வெச்சுக்குவோம். அவன் அங்கே ஒரு பழைய வீடு வாங்கினான். ஹாலில் கார்ப்பெட். கார்ப்பெட்டைக் கிழிச்சா அடியில் ஓக் பலகைத் தரை, மேலே பழைய வார்னிஷ் கறுத்துப்போய், நாய் நகக் கீறலோடு. ஆள் கூப்பிட்டால் பணம் எகிறும்னு தானே இறங்கிட்டான். டிரம் சாண்டர் மெஷினை வாடகைக்கு எடுத்து, முதலில் 36ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 60, அப்புறம் 100. மூலை முடுக்கெல்லாம் முட்டி போட்டு கையால் சுரண்டினான். பலகை இடுக்குக்கு மரத்தூள் கலந்த பட்டி. ஸ்டெயினைத் துணியில் தொட்டுத் தேய்ச்சு, மிச்சத்தை உடனே துடைச்சு எடுத்து, ஒரு நாள் காய விட்டு, பாலியுரெத்தேன் மூணு கோட். எண்ணெய் ஸ்டெயின் துடைச்ச துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாவே சூடாகிப் பத்திக்கும்னு பயந்து, ராத்திரி பதினோரு மணிக்குத் தோட்டத்துப் பனியில் துணிகளைப் பிரிச்சுக் காயப்போட்டானாம். (அது உண்மையான பயம்தான். லின்சீட் மாதிரி காயற எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு கிளம்பும். கசங்கின துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை.) மூணு வாரக் கடைசி, முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு, ஆனா போட்டோ அனுப்பினான் பாருங்க... தரையில் மூஞ்சி பார்க்கலாம்.

இதுவரைக்கும் அவனுக்கு என் பெரிய சல்யூட்.

போன மார்கழிக்கு ஐயா கச்சேரி கேட்க மயிலாப்பூர் வந்தார். சித்ரகுளம் பக்கத்தில் சித்தி வீடு. வந்த ரெண்டாம் நாளே, "அம்மா, இந்தத் தரையெல்லாம் வெடிச்சுப் போயிருக்கு, பழசா இருக்கு, எடுத்துடலாம், ஓக் போட்டுடலாம்". காண்ட்ராக்டர் ஒருத்தர் (பேர் சொல்லப்போறதில்லை) கையில் சாம்பிள் பெட்டியோடு வந்து, "சார், ஒரிஜினல் ஓக், லைஃப்டைம்" என்று ஒரு சின்ன பலகையைக் காட்டினார். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் காக்கி கலரில் அமுக்கின மரத்தூள். மேலே ஓக் மரத்தின் போட்டோ.

ஆமாம் மக்களே, போட்டோ. லேமினேட் தரைன்னா அதுதான். மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை, அதன் மேலே மர ரேகையை அச்சடிச்ச காகிதம், அதுக்கு மேலே தேயாமல் இருக்க ஒரு கண்ணாடி மாதிரி ரெசின் பூச்சு. ஸ்வீடனில் பெர்ஸ்டார்ப் என்ற கம்பெனி 1970களின் கடைசியில் கொண்டுவந்த சரக்கு. திட்டவில்லை. குளிர் ஊரில், செருப்புக் காலோடு நடக்கிற காய்ந்த வீட்டில், மலிவா ஒரு தரை வேணும்னா அது நல்ல கண்டுபிடிப்புதான். ஆனா நியூஜெர்ஸி மூணு வாரம் முட்டி தேய்ச்சானே, அந்த வேலையை இதில் ஒரு நாளும் பண்ண முடியாது. போட்டோவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா என்ன ஆகும்? அவன் வீட்டு ஓக் பலகை முக்கால் அங்குல கனம், அதில் சுமார் கால் அங்குலம் வரைக்கும் திரும்பத் திரும்ப இழைக்கலாம். அவன் பேரனும் இழைக்கலாம். லேமினேட்டில் மேல்தோல் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. தேஞ்சா தூக்கிப் போடணும். தண்ணி இடுக்கில் இறங்கினால் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி உப்பும். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டை வீடுகளுக்குள் நுழைஞ்சபோதும், 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரி முங்கினபோதும் நம்ம ஊர்த் தரைக்கு என்ன பரீட்சை வரும்னு எல்லாரும் பார்த்தாச்சு. செவப்புத் தரையில் சேறு ஏறினால் அலம்பி விடலாம்.

"சரிண்ணா, லேமினேட் வேண்டாம், நிஜமான ஓக் பலகையே இறக்குமதி பண்ணிப் போடறேன்" என்றான் நியூஜெர்ஸி. டாலர் பேசுது.

நிஜ ஓக் மரத்தையும் பார்த்துடுவோம். முதலில், அது நம்ம பக்கத்து மரமே இல்லை. இமயமலை அடிவாரத்தில், குமாவுன் பக்கமெல்லாம் ஓக் காடு இருக்கு. தென்னிந்தியக் காட்டில் இயற்கையா ஒரு ஓக் மரம் கூடக் கிடையாது. "ஏற்காட்டில் பார்த்தேனே, வால்பாறையில் பார்த்தேனே" என்று பின்னூட்டம் போட ரெடியாகிறவர்களுக்கு: நீங்க பார்த்தது சில்வர் ஓக். காபி, டீ எஸ்டேட்டில் நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வெச்ச மரம். அறுத்தால் ரேகை ஓக் மாதிரி தெரியும், அதனால் வந்த பேர். ஓக் குடும்பத்துக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை.

ரெண்டாவது, மரம் மூச்சு விடும். காற்றில் ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். அமெரிக்க வனத்துறையின் மரக் கையேட்டில் கணக்கே இருக்கு. பச்சை மரம் முழுசா காய்ஞ்சால், வளைய வாட்டில் சிவப்பு ஓக் 8.6 சதவீதம் சுருங்கும். வெள்ளை ஓக் இன்னும் அதிகம், 10.5. தேக்கு 5.8தான். நம்ம தாத்தாக்கள் கதவுக்கும் ஜன்னலுக்கும் தேக்கு தேடிப் போனது சும்மா இல்லை. மயிலாப்பூர் கடலிலிருந்து கூப்பிடு தூரம். கூடத்தில் உப்புக் காற்று, பெட்ரூமில் ஏசி, நடுவில் ஒரு நிலைப்படி. இந்தப் பக்கம் பலகை விரியும், அந்தப் பக்கம் சுருங்கும். இதுக்கு மேலே கரையான் வேற.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். ஓக் மரத்தில் டானின் அதிகம். டானினும் இரும்பும் ஈரத்தோடு சேர்ந்தால் கறுப்பு. கடுக்காய்த் தண்ணியில் இரும்பைப் போட்டால் கறுக்கிறதே, கலம்காரித் துணிக்குக் கறுப்புச் சாயம் வருகிறதே, அதே வேதியியல்தான். அமெரிக்காவில் மர வேலைக்காரர்கள் வினிகரில் இரும்புக் கம்பளியை ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைப் பூசியே ஓக் பலகையைக் கறுப்பாக்குவார்கள். நம்ம வீடுகளில் என்ன பண்றோம்? இரும்பு கலந்த போர் தண்ணியை பக்கெட்டில் பிடிச்சு, தினம் ஒரு தடவை தரை முழுக்கத் துடைக்கிறோம். பாலிஷ் எங்கே விட்டுப்போச்சோ அங்கெல்லாம் காசு கொடுக்காமல் கறுப்பு ஸ்டெயின்.

ஆக, நியூஜெர்ஸியிலிருந்து நாம் காப்பி அடிக்க வேண்டியது ஓக் மரத்தை இல்லை. காலடியில் ஏற்கெனவே இருந்த பழைய தரையை அவன் தூக்கி எறியவில்லை பாருங்க, அதை. கார்ப்பெட்டுக்கு அடியில் என்ன இருக்குன்னு பார்த்தான், தானே முட்டி போட்டுச் சரி பண்ணினான். அந்த ஊரில் அதைச் செஞ்ச அதே ஆள், இங்கே வந்து இறங்கின ரெண்டாம் நாள், அவன் தவழ்ந்த தரையைக் கொத்தச் சொல்றான். ஏன்? நான் நேரடியாவே கேட்டேன். "அண்ணா, அங்கே லேபர் காஸ்ட் ஜாஸ்தி" என்றான்.

இதுதான் ஐயா விஷயம். அங்கே முட்டி போட்டால் டிஐஒய், போட்டோ, லைக். இங்கே முட்டி போட்டால் அது வேலைக்காரம்மா வேலை. நியூஜெர்ஸி ஹாலில் வியர்வை வழியத் தேய்க்கிற பிள்ளைகள் யாரும் மயிலாப்பூர் கூடத்தில் ஒரு துணியை நனைச்சதில்லை. தேய்க்கிற முட்டி யாரோடதுன்னு தெரியாதவரைக்கும் தரையின் மதிப்பு தெரியாது.

இன்னொரு கோஷ்டியையும் விடப்போவதில்லை. "ஆஹா, எங்க பாட்டி வீட்டு செவப்புத் தரை, அந்தச் சில்லுனு ஒரு சுகம்" என்று கவிதை எழுதும் கோஷ்டி. கொஞ்ச நாளா ஃபார்வர்டில் வேற வருது, ரெட் ஆக்ஸைடு தரை நம் முன்னோர் கண்ட விஞ்ஞானம், காலுக்கு அக்குபங்சர், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று. முன்னோராவது... சிமெண்ட் என்ற சரக்கே இங்கிலாந்தில் 1824இல் பேட்டன்ட் வாங்கினது. இந்தியாவில் போர்பந்தரில் ஆலை ஓட ஆரம்பிச்சது 1914இல். அதுக்கப்புறம்தான் சிமெண்டில் இரும்பு ஆக்ஸைடைக் கலந்து இழைக்கிற வேலை நம்ம நடுத்தர வர்க்க வீடுகளுக்கெல்லாம் வந்தது. நூறு வருஷச் சரக்கு. அதில் ரிஷி யாரும் இல்லை. கரணை பிடிச்ச மேஸ்திரிதான் இருக்கார். அவர் பேரை எந்த ஃபார்வர்டிலும் நான் பார்க்கவில்லை.

அந்த மேஸ்திரி வேலை லேசுப்பட்டதில்லை. அடியில் கான்கிரீட் தளம், அதன் மேலே சிமெண்ட் மணல் கலவை, அது இறுகறதுக்குள்ளே ஆக்ஸைடு கலந்த சிமெண்ட் பால். அப்புறம் கரணையால் அழுத்தி அழுத்தி, மணிக்கணக்கா, ஒரே மூச்சில். நடுவில் விட்டால் ஜாயின்ட் தெரியும். மறுநாள் பாத்தி கட்டி தண்ணி நிறுத்தி ஒரு வாரம் பத்து நாள் ஊற வைக்கணும். சிவப்பு வெளுக்காமல் இருக்கக் காரணம், அது சாயம் இல்லை, துரு. இரும்பு ஏற்கெனவே துருப்பிடிச்சு முடிஞ்சாச்சு, இனிமே வெயில் அதை என்ன பண்ணும்? ஓக் பலகை மேலே பூசற ஸ்டெயின் ஜன்னல் வெயிலில் சில வருஷத்தில் மங்கும். இது மங்காது.

கவிதை கோஷ்டி மறந்துபோற இன்னொரு ஆள், அதைப் பளபளன்னு வெச்சிருந்தவங்க. தரை தானா பளபளக்கலை. தினம் ரெண்டு வேளை துடைச்சாங்க. பண்டிகைக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ச்சாங்க, வசதி இருந்தால் டின்னில் வந்த மேன்ஷன் பாலிஷ். யார் தேய்ச்சது? பாட்டி, அம்மா, சித்தி, வீட்டு வேலை செஞ்ச அம்மா. கவிதை எழுதற பேரன் திண்ணையில் உட்கார்ந்து கிரிக்கெட் கமெண்டரி கேட்டுக்கிட்டு இருந்தான்.

அதனால்தான் சித்தி சொன்னது எனக்குச் சுருக்குன்னு குத்திச்சு. "ஏண்டா, நீங்க ரெண்டு பேரும் ஓக் வேணுமா செவப்பு வேணுமான்னு சண்டை போடறேளே, இத துடைக்கறது யாரு? எனக்கு எழுபத்தாறு வயசாறது. வெடிப்புல அழுக்கு போய் உக்காந்துக்கறது. சுவரோரம் வெள்ளை வெள்ளையா உப்பு பூக்கறது. துடைக்கத் துடைக்க வரது. டைல்ஸ் போட்டா ஒரு தடவை மாப் போட்டா போச்சு."

நியாயம். நூத்துக்கு நூறு நியாயம். இந்த வாதத்துக்குப் பதில் சொல்லாமல் "பாரம்பரியம்" என்று பேசறவன் யாரா இருந்தாலும், வாரம் ரெண்டு நாள் வந்து துடைச்சுட்டுப் பேசட்டும்.

என் பதில் இது. சித்திக்கு இருக்கிற மூணு கஷ்டம்: வெடிப்பு, உப்பு, வழவழப்பு போய் சொரசொரன்னு ஆன இடங்களில் பிடிச்ச அழுக்கு. மூணுக்கும் வைத்தியம் இருக்கு. எங்க வீட்டு ரேழியிலும் கூடத்திலும் போன வருஷம் நாலு ஞாயித்துக்கிழமையில் நானும் என் பொண்ணும் செஞ்சதைத்தான் சொல்றேன்.

முதலில் பழைய மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போகணும். வெந்நீரில் சலவை சோடா, நார் பிரஷ். தயவுசெஞ்சு ஆசிட் ஊத்தாதீங்க. பாத்ரூம் கழுவற ஆசிட்டை "பளிச்னு ஆயிடும் சார்" என்று ஊத்தச் சொல்ற மகானுபாவர்கள் இருக்காங்க. ஆசிட் சிமெண்டையே தின்னும். அன்னிக்குப் பளிச்சுன்னு இருக்கும், காய்ஞ்சதும் வெள்ளைத் திட்டும் சொரசொரப்பும் நிரந்தரம். எலுமிச்சம்பழம், வினிகர் எல்லாம் அதே ஜாதிதான், கொஞ்சம் மெதுவா தின்னும், அவ்வளவே.

அப்புறம் தேய்ப்பு. இங்கேதான் அவசரக்காரனுக்கு ஆபத்து. சிவப்பு ரொம்ப மேலாப்பில்தான் இருக்கும். நிறைய வீடுகளில் ஓரிரண்டு மில்லிமீட்டர். மொசைக் பாலிஷ் போடற பெரிய மெஷினைக் கொண்டுவந்து ஓட்டினால் அரை நாளில் செவப்பு போய் சாம்பல் கலர் சிமெண்ட் பல்லிளிக்கும். மொசைக்கில் கல் சில்லு ஆழம் வரைக்கும் இருக்கு, தாங்கும். இது தாங்காது. அதனால் கைதான். பீரோவுக்குப் பின்னாடி, யாரும் பார்க்காத ஒரு மூலையில் ஒரு அடிக்கு ஒரு அடி முதலில் தேய்ச்சுப் பார்க்கணும். தண்ணி விட்டுக்கிட்டே வாட்டர் பேப்பர், 220இல் ஆரம்பிச்சு 400, 600. தண்ணி இல்லாமல் தேய்க்கவே கூடாது, சிமெண்ட் மணல் தூசி நுரையீரலுக்கு எமன். சேறு மாதிரி செவப்புத் தண்ணி வரும், பயப்படாதீங்க. வழிச்சு எடுத்துட்டு மறுபடி நல்ல தண்ணி. என் பொண்ணு முதல் ஞாயிறு முடிஞ்சதும், "அப்பா, இதுக்குப் பேர்தான் ஜிம்மா?" என்றாள்.

வெடிப்புக்கு, சிமெண்டில் ஆக்ஸைடு கலந்து கெட்டிப் பாலா கரைச்சு, வெடிப்பை நனைச்சு, உள்ளே அழுத்தி, மூணு நாள் ஈரத்துணி போட்டு வைக்கணும். ஆக்ஸைடை அள்ளிக் கொட்டாதீங்க, ரொம்பப் போனால் சிமெண்ட் பிடிக்காமல் தூளா உதிரும். ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன்: கலர் மேட்ச் ஆகாது. அம்பது வருஷ சிவப்புக்குப் பக்கத்தில் புது சிவப்பு கோடு கோடாத் தெரியும். எங்க கூடத்தில் நதி வரைபடம் மாதிரி இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு. வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் முழுசாப் பிடிக்கலை.

உப்பு விஷயம் கொஞ்சம் முக்கியம். பழைய வீடுகளில் தரைக்கு அடியில் ஈரம் தடுக்கிற அடுக்கு கிடையாது. மண்ணில் இருக்கிற ஈரம் சிமெண்ட் வழியா மேலே ஏறும், ஏறும்போது உப்பைக் கரைச்சுக்கிட்டு வரும், தண்ணி ஆவியாகிப் போகும், உப்பு மேலே பூக்கும். அதைக் காய்ஞ்ச பிரஷ்ஷால் தட்டி எடுத்துட்டு அப்புறம் துடைக்கணும். நேரா ஈரத்துணி போட்டால் உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளே போகும், நாளைக்கு மறுபடி வரும். சித்தி துடைக்கத் துடைக்க வந்ததுக்குக் காரணம் அதுதான். மழைத் தண்ணி சுவரோரம் தேங்குதான்னு வெளியே போய்ப் பார்க்கணும். முக்கியமா, எபாக்ஸி, பாலியுரெத்தேன்னு பிளாஸ்டிக் கோட் எதுவும் தரைமட்ட வீட்டில் அடிக்காதீங்க. நியூஜெர்ஸியில் அது சரி, பலகைக்கு அடியில் பேஸ்மென்ட் இருக்கு. இங்கே அடியிலிருந்து ஈரம் முட்டும், கோட் கொப்புளம் கொப்புளமா உரியும்.

கடைசியா மினுக்கு. ரெண்டு மூணு நாள் நல்லா காய விட்டுட்டு, தேன்மெழுகை டர்பெண்டைனில் ஊறப்போட்ட களிம்பை மெல்லிசாத் தடவி, மறுநாள் பழைய காட்டன் வேஷ்டியால் தேய்க்கணும். (அடுப்பு பக்கத்தில் வெச்சு உருக்காதீங்க, டர்பெண்டைன் பத்திக்கும்.) பாட்டி கால தேங்காய் எண்ணெய் ஏன் வேண்டாம்? கொஞ்சமாத் தொட்டால் தப்பில்லை. ஆனா தேங்காய் எண்ணெய் காயாத ஜாதி எண்ணெய். லின்சீட் மாதிரி இறுகாது. அதிகம் போனால் பிசுபிசுன்னு தூசியைப் பிடிச்சுக்கும், கால் வழுக்கும். அந்தக் காலத்தில் பத்துப் பேர் நடமாடின கூடம், பாதம் பட்டே எண்ணெய் உள்ளே ஏறிச்சு. இப்ப சித்தி ஒருத்தி நடக்கிற கூடம்.

இவ்வளவு வேலைக்கு எனக்கு ஆன செலவு, உப்புத்தாள், பிரஷ், மெழுகு, ஆக்ஸைடு எல்லாம் சேர்த்து, அந்தக் காண்ட்ராக்டர் கேட்ட அட்வான்ஸில் ஒரு ஓரத்துக்கு வராது.

இனி டைல்ஸ் கட்சிக்கு. கொத்துன்னு சுலபமா சொல்றீங்களே, கொத்தினது கொத்தினதுதான். பழைய தரையில் பிடிப்புக்காக உளி போட்ட குழியெல்லாம் அப்புறம் எந்த மேஸ்திரியாலும் ஒட்டுத் தெரியாமல் மூட முடியாது. அடுத்து உயரம். டைல் கனமும் அடியில் போடற கலவையும் சேர்ந்து, ஒட்டுப் பசையில் போட்டால் அரை அங்குலத்துக்கு மேலே, சிமெண்ட் கலவையில் போட்டால் ஒண்ணரை ரெண்டு அங்குலம் தரை மேலே வரும். கதவு திறக்காது. உடனே கார்பென்டர் வந்து கதவின் அடியை அறுப்பார். எந்தக் கதவை? பர்மா தேக்கு. 1885இல் இங்கிலீஷ்காரன் மேல் பர்மாவைப் பிடிக்கக் கிளம்பினதுக்குச் சொன்ன சாக்கே ஒரு தேக்கு மரக் கம்பெனி மேலே போட்ட அபராதம்தான். அப்படிச் சண்டை போட்டு வெட்டிக் கொண்டுவந்த மரம். 2014லிருந்து மியான்மர் முழு மரமா ஏற்றுமதி பண்றதையே நிறுத்திடுச்சு. அந்தக் கதவை ஒரு டைலுக்காக அறுத்து, தூளைப் பெருக்கித் தள்ளுவோம். மாடிப்படியில் முதல் படி மட்டும் ரெண்டு அங்குலம் குட்டையாகும், மத்தபடி பழைய உயரம். எழுபத்தாறு வயசுக்காரங்க கால் பழக்கத்தில் நடக்கிறவங்க. எந்தப் படியில் தடுக்கும்னு நீங்களே சொல்லுங்க. பளபள விட்ரிஃபைடு ஈரமா இருந்தால் எப்படி வழுக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் போட்ட வீட்டுக்காரங்களே பாத்ரூம் வாசலில் மிதியடி மேலே மிதியடி போட்டு வெச்சிருக்காங்க.

இதில் பெரிய தமாஷ் ஒண்ணு இருக்கு. மயிலாப்பூர்க்காரன் கொத்தி எறியற அதே ஆக்ஸைடு தரையை, ஆழ்வார்பேட்டையில் காபி ஷாப் வைக்கிறவங்க ஆர்க்கிடெக்ட்டுக்குக் காசு கொடுத்துப் புதுசாப் போடறாங்க. செட்டிநாட்டு வீட்டைக் கல் கல்லா பிரிச்சுக் கொண்டுவந்து கட்டி, 1996லிருந்து முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவில் டிக்கெட் போட்டுக் காட்டறாங்க. நாமும் ஞாயித்துக்கிழமை குடும்பத்தோடு போய், செருப்பைக் கழட்டிட்டு அந்தத் தரையில் நின்னு செல்ஃபி எடுத்துக்கறோம். திங்கக்கிழமை நம்ம வீட்டுத் தரையில் உளி இறங்கறது.

சித்தி வீட்டு நிலவரம் இது. காண்ட்ராக்டர் ஆள் அடுத்த புதன்கிழமை கொத்த வரதா இருந்தது. நான் சித்தி கால்ல விழாத குறையா கெஞ்சினதில், பூஜை ரூம் வாசலில் ரெண்டடிக்கு ரெண்டடி மட்டும் தேய்ச்சுக் காட்ட அனுமதி கிடைச்சிருக்கு. "பிடிச்சா பாக்கறேன், பிடிக்கலேன்னா டைல்ஸ்தான், அப்பறம் நீ வாயத் தொறக்கப்படாது" என்பது கண்டிஷன். இன்னொரு கண்டிஷன் நான் போட்டது. தரை பிழைச்சால், வருஷா வருஷம் மார்கழிக்கு வரும்போது சபா கேன்டீனுக்குப் போறதுக்கு முந்தி நியூஜெர்ஸிதான் மெழுகு போட்டுத் தேய்க்கணும். நைசா ஒத்துக்கிட்டான். அவன் சொந்த முட்டிக் கவசத்தையே கொண்டுவரானாம் :-)

ஞாயித்துக்கிழமை காலை ஆறரைக்கு ஆரம்பிக்கறோம். கூடத்து நடுவில் ஒரு பெரிய வெடிப்பு இருக்கு, மூணடி நீளம், கையளவு அகலத்துக்குப் பெயர்ந்து போயிருக்கு. அது என் கைக்கு மீறின வேலை. பழைய முறையில் ஆக்ஸைடு பால் போட்டுக் கரணை இழைக்கத் தெரிஞ்ச மேஸ்திரி யாராவது மயிலாப்பூர், மந்தைவெளி, திருவல்லிக்கேணி பக்கம் இன்னும் வேலை பார்க்கறாரா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்தில் அவர் நம்பரைப் போடாமல் எனக்குத் தனி மடல் அனுப்புங்க. "டைல்ஸே பெஸ்ட்" கட்சிக்காரங்க பின்னூட்டத்திலேயே வந்து கும்மலாம், நான் ராத்திரி பத்து மணிக்கு மேலே பதில் சொல்றேன். பகலில் தேய்ச்சுக்கிட்டு இருப்பேன்.